அரங்கசாமி சாருக்கு ஒரு குறை வேண்டும்

காரமடை தாண்டி மேட்டுப்பாளையம் போகிற ரோட்டில், பாக்குத் தோப்புக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் நடுவே இருக்கும் தனியார் பள்ளியில் நான் தமிழ் நடத்துகிறேன். பக்கத்து வகுப்பில் அரங்கசாமி சார் அறிவியல் நடத்துகிறார். நடுவில் இருப்பது சுவர் இல்லை, பிளைவுட் தடுப்பு. அவர் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும், நான் கத்துவதெல்லாம் அவருக்குக் கேட்கும். நான் கத்துகிற ஆள்தான், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. அவர் கத்தி யாரும் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் மரியாதை கொஞ்சம் தூக்கல்தான். வெண்டைக்காய் விலை கேட்பதற்கும் 'ஏனுங்க' வேண்டும், பேரம் படியாமல் போவதற்கும் 'வாரேனுங்க' வேண்டும். ஆனால் அரங்கசாமி சாருடைய மரியாதை அந்தக் கணக்கிலும் அடங்காது. ஒரு தடவை காரமடை சிக்னலில் நின்றுகொண்டிருந்த அவர் ஸ்கூட்டரை ஒரு டெம்போ பின்னால் வந்து இடித்தது. இறங்கி வந்த டிரைவரிடம் இவர், "நான் குறுக்க நின்னுட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு, உடைந்த விளக்கைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அன்று முழுக்க வயிறு எரிந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் போன வருடம் ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது.

பள்ளியை ஆரம்பித்தவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் மகன் மனோஜ்குமார் தாளாளர் ஆனார். எங்களிடம் படித்த பையன்தான். வெளியூரில் மேலாண்மை படித்துவிட்டு வந்ததால் எங்களையெல்லாம் மேலாண்மை செய்தே தீர வேண்டும் என்ற வேகத்தில் இருந்தார். அடுத்த ஜூனிலிருந்து பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்கள் 'உயர்நிலை ஆசிரியர் தொழிற்சான்றிதழ்' வாங்கியிருக்க வேண்டும் என்று அறிவித்தார். ஏதோ ஒரு கல்விக் கழகம் விண்ணப்பத்தை இணையத்தில் வாங்கி, சோதித்துப் பார்த்துக் கொடுக்கிற சான்றிதழ் அது. தமிழுக்கு அடுத்த வருடம்தான் என்று என்னை விட்டுவிட்டார்கள். வாங்காதவர்களுக்கு வேறு பொறுப்பு. அரங்கசாமி சாருக்கான வேறு பொறுப்பையும் மனோஜ்குமார் தம்பி முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். பள்ளிப் பேருந்துகள். டிரைவர்களைச் சமாளிக்க அவர் பொறுமைக்கு ஈடான ஆள் இல்லையாம். இதைப் புகழ்ச்சியாகவே சொன்னார்.

அரங்கசாமி சாருக்குப் பேருந்து மேல் கோபம் இல்லை. அவர் கவலை வேறு. அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்தே அவர்தான் தூக்கி வந்திருந்தார். பத்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் கூடவே இருப்பேன் என்று அவர்களிடம் வாய் விட்டுச் சொல்லியும் இருந்தார். மேனேஜ்மென்ட் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், அந்த ஒரு வகுப்பை மட்டும் கரை சேர்த்துவிட்டால் போதும் என்பதுதான் அவருடைய ஆசை. அதனால் அன்றைக்கே உட்கார்ந்து விண்ணப்பித்தார்.

படிப்புச் சான்று, அனுபவச் சான்று, பாடத்திட்டம் எல்லாம் சுலபமாக ஏறிவிட்டன. கடைசிப் பகுதியில்தான் சிக்கல். அவர் வகுப்பை நேரில் பார்த்த மூன்று பேர், ஆளுக்கொரு குறையை எழுதித் தர வேண்டும். அந்தக் குறையை அவர் எப்படித் திருத்திக்கொண்டார் என்பதைப் பிறகு இவர் காட்ட வேண்டும். குறை இல்லை என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள்.

இந்த விதியைப் போட்ட மனிதர் கோயமுத்தூர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். இங்கே பெண் பார்க்கப் போய்ப் பிடிக்காமல் போனால்கூட, கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, 'ஜாதகம் பாத்துட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க' என்றுதான் எழுந்து வருவோம். பெண் வீட்டுக்கும் அது புரிந்துவிடும். ஒருத்தர் முகத்துக்கு நேரே உன்னிடம் இது சரியில்லை என்று சொல்கிற பழக்கம் எங்கள் வாய்க்கே வராது. அதை எழுதிக் கையெழுத்தும் போட வேண்டுமாம்.

முதலில் என்னிடம்தான் வந்தார். இத்தனை வருடம் பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன், எனக்குத் தெரியாததா என்று நம்பிக்கையோடு வந்தார். நான் ரொம்ப யோசித்து, 'மாணவர்களுக்காக உழைத்து உடல்நலத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்' என்று எழுதினேன். நல்ல பொருத்தமான குறை என்றுதான் எனக்குப் பட்டது. இது பாராட்டு, குறை அல்ல என்று கழகம் திருப்பி அனுப்பிவிட்டது.

அடுத்து உயிரியல் நடத்தும் இஸ்மத் டீச்சர். கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து கிளம்பி, தினமும் மேட்டுப்பாளையம் ரயிலில் வருகிறவர். பட்டென்று பேசுவார், மீன் சரியில்லை என்றால் மீன்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். எங்களில் அவரால்தான் முடியும் என்று நினைத்தோம். அவரும் ரயிலில் போக வர யோசித்து எழுதிக்கொண்டு வந்தார். சாருடைய கையெழுத்து மிக அழகாக இருப்பதால் மாணவர்கள் பாடத்தைக் கவனிக்காமல் எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அதுவும் திரும்பி வந்தது. இஸ்மத் டீச்சருக்கு முகம் வாடிப்போய்விட்டது. கோழியை அறுக்கச் சொன்னால் அறுத்துவிடுவேன் சார், இது கை வரவில்லை என்றார்.

வீட்டில் அவர் மனைவி கோகிலவாணியிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மாவிடம் குறைகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, கேட்டால் பதில் சொல்லாமல் சிரிப்பது, கடனுக்குக் கறிவேப்பிலை கேட்டு வந்தவர்களுக்குத் தேங்காயும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவது என்று மூச்சு விடாமல் சொன்னாராம். ஆனால் அந்த அம்மா சாருடைய வகுப்பைப் பார்த்தவர் இல்லை. விதிப்படி அதில் ஒன்றுகூடச் செல்லாது. கையில் இருந்த ஒரே நல்ல ஆளும் அப்படி வீணாகப் போனார்.

பிறகுதான் செல்லாத்தாள் அக்காவிடம் போனார். அங்கேதான் விஷயம் கை மீறியது.

செல்லாத்தாள் அக்கா கறிவேப்பிலைத் தோட்டக்காரர். மகன் யஷ்வந்த் எங்கள் பள்ளியில் படித்து, இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பெற்றோர் சங்கத்தில் இருந்தபோது திறந்த வகுப்பு நாட்களில் அரங்கசாமி சார் பாடத்தைப் பின்னால் உட்கார்ந்து கேட்டவர். சார் போய் வரப்பில் நின்று, உங்களுக்கு என்னிடம் ஏதாவது குறை தெரிந்தால் கொஞ்சம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அக்கா கையிலிருந்த கறிவேப்பிலைக் கட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"யாருங்க வாத்தியாரய்யா உங்கள அப்படிச் சொன்னது? பேர மட்டும் சொல்லுங்க போதும்."

யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன் என்று சார் எவ்வளவோ விளக்கினார். விளக்க விளக்க அக்காவுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஒரு மனிதர் தன் குறையைத் தானே தேடிக்கொண்டு தோட்டம் வரைக்கும் வருகிறார் என்றால் அவரை எந்த அளவுக்கு மிரட்டியிருக்க வேண்டும் என்று ஊரைக் கூட்டிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பிரார்த்தனை நேரத்தில் கறிவேப்பிலை ஏற்றுகிற வேன் ஒன்று பள்ளிக்குள் வந்து நின்றது. அதிலிருந்து பெற்றோர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கட்டணத்தைப் பற்றிச் சண்டை போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மனோஜ்குமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. விஷயம் தெரிந்த பிறகு எல்லோருக்கும் காபி வரவழைத்தார். செல்லாத்தாள் அக்கா காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் வாத்தியார் மேல் குறை சொல்கிறவர்கள் எங்கள் முன்னால் வந்து சொல்லட்டும் என்றார். அத்தனை மரியாதையான மிரட்டலை நான் கேட்டதில்லை.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். யஷ்வந்த் பெங்களூரில் இருந்தபடியே அந்தக் கழகத்தின் மின்னஞ்சல் முகவரியைக் கண்டுபிடித்து, 'மேற்படி ஆசிரியரிடம் யாதொரு குறையும் இல்லை என உறுதி கூறுகிறோம்' என்று பெற்றோர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனுவை அனுப்பிவிட்டான்.

கழகம் பதில் அனுப்பியது. மதிப்பீட்டில் வெளியார் நெருக்கடி இருப்பதாகத் தெரிவதால் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது. மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் வருவார். குறையும் திருத்தமும் அப்போதும் தெரியவராவிட்டால் இந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். மனோஜ்குமார் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே, பஸ் ரூட்டையெல்லாம் இப்போதே ஒரு பார்வை பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அரங்கசாமி சார் "சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து உட்கார்ந்தார். ஆறாவதில் இருந்து கூடவே வந்த குழந்தைகள் சார், பாதியில் விட்டுவிட்டு எப்படிப் போகிறது என்று என்னிடம் கேட்டார். எனக்குச் செல்லாத்தாள் அக்கா மேலேயே கோபம் வந்தது. ஆனால் அதை அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.

மதிப்பீட்டாளர் பெயர் முகமது யூசுப். டெல்லி முகவரியிலிருந்து வருவதால் இந்தி பேசுகிறவர் என்று பயந்து, உருது தெரிந்த இஸ்மத் டீச்சரை முன்னால் நிறுத்தியிருந்தோம். வந்தவர் காரை விட்டு இறங்கியதும், "நல்லா இருக்கீங்களா, எல்லாரும் சாப்ட்டாச்சுங்களா?" என்றார். கோயமுத்தூர் போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவராம். எங்களுக்கு உயிர் வந்தது.

ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் அமர்ந்துகொண்டார். நான் என் வகுப்புக்கு மனப்பாடப் பகுதியைக் கொடுத்து வாயசைக்காமல் படிக்கச் சொல்லிவிட்டுப் பிளைவுட்டில் காதை வைத்தேன். பாடம் நன்றாகத்தான் போனது. சார் கேள்வி கேட்டார், பிள்ளைகள் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் "ரொம்ப நல்லாச் சொன்னீங்க கண்ணு, வேற யாராச்சும் சொல்லுங்க" என்றார். முடிவில் சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். "இல்லீங்க சார்" என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. இத்தனை வருடமாக எனக்குப் பாட்டு மாதிரிப் பழகிப்போன சத்தம்தான்.

யூசுப் எழுந்து, உங்கள் சாரிடம் என்ன குறை என்று பிள்ளைகளைக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. அவர் சிரித்துவிட்டார். நம்ம ஊரில் இப்படிக் கேட்டால் கிடைக்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன. கேள்வியை மாற்றினார்.

"புதுசா ஒரு வாத்தியாரு வாராருங்க. உங்க சாரப் பாத்து எல்லாத்தையும் கத்துக்கோணும்னு அவருக்கு ஆசை. இந்த ஒண்ண மட்டும் கத்துக்க வேண்டாமுங்கன்னு அவருகிட்ட எதைச் சொல்லுவீங்க?"

இது குறை சொல்வது இல்லையே, வருகிற மனிதருக்கு உதவி. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. எழுந்தது தேஜா. எதையும் நிதானமாகச் சொல்கிற பெண்.

"நாங்க என்ன பதில் சொன்னாலும் சார் ரொம்ப நல்லாச் சொன்னீங்கம்பாருங்க. தப்பாச் சொன்னாலும் அதேதானுங்க. பரீட்சப் பேப்பர் கைக்கு வந்தாத்தானுங்க எங்களுக்குத் தப்புன்னே தெரியும். அத மட்டும் அவரு கத்துக்க வேண்டாமுங்க."

சந்தேகம் கேட்காததும் அதனால்தான், எது தெரியவில்லை என்பதே தெரியாதபோது எதைக் கேட்பது என்று இன்னொரு பிள்ளையும் சேர்ந்துகொண்டது.

மத்தியானம் அரங்கசாமி சார் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. தேடி அலைந்த குறை கிடைத்துவிட்டதே என்று நான் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "மரியாதை குடுக்கறேன்னு நெனச்சேனுங்க. கொழந்தைகள இருட்டுல வுட்டுப்போட்டனே" என்றார். நானும் தினமும் அந்த 'ரொம்ப நல்லாச் சொன்னீங்க'வைக் கேட்டுக்கொண்டே இருந்தவன்தான், ஒரு நாள்கூட அதை யோசித்ததில்லை.

மூன்று பேர் எழுதித் தருவதற்குப் பதில் பிள்ளைகள் சொன்ன இந்தக் குறையே போதும் என்று யூசுப் போகும்போது வழியைச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதத்துக்குள் ஒரு பாடவேளையை முழுசாகப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். வெட்டவோ ஒட்டவோ கூடாது. அதில் இந்தக் குறை திருத்தப்பட்டிருப்பது தெரிய வேண்டும்.

அதாவது, அரங்கசாமி சார் கேமரா முன்னால் ஒரு குழந்தையிடம் 'தப்பு' என்று சொல்ல வேண்டும்.

பயிற்சி ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் நான் வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்வேன், அவர் தப்பு என்று சொல்ல வேண்டும். சூரியன் மேற்கே உதிக்கும் என்றேன். நல்ல முயற்சி, ஆனால் இன்னொரு திசையும் இருக்கிறது என்றார். தண்ணீர் மேட்டுக்கு ஓடும் என்றேன். மோட்டார் போட்டால் ஓடும்தானே என்று எனக்காகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார். இஸ்மத் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டிலும் முயன்றிருக்கிறார். ரசத்தில் உப்பு தப்பு என்று கோகிலவாணியிடம் சொல்லிப் பார்த்தாராம். ரெண்டு நாள் எங்களோடு கேன்டீனில் சாப்பிட்டார்.

படம் பிடிக்கிற நாள் வந்தது. இஸ்மத் டீச்சர் போனை ஸ்டாண்டில் வைத்துப் பக்கத்தில் நின்றார். பாடம் மின்சாரம். வீட்டில் இருக்கிற மாதிரி பல்புகளைத் தனித்தனிப் பாதையில் இணைத்தால் அது பக்க இணைப்பு, ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது எரியும். ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் தொடர் இணைப்பு, ஒன்று போனால் எல்லாம் போகும். இதை விளக்கிவிட்டு, பதற்றத்தில் வேர்த்துக் கொட்டியபடி, போர்டில் பக்க இணைப்புக்கு இரண்டு பல்புகளோடு ஒரு படம் வரைந்தார். இதில் ஒரு பல்பு ஃபியூஸ் போனால் இன்னொன்று என்ன ஆகும் என்று தேஜாவிடம் கேட்டார்.

அதுவும் அணைந்துவிடும் என்றாள் தேஜா.

நான் பிளைவுட்டில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது போலிருந்தது.

"தப்புங்க அம்மணி" என்றார் அரங்கசாமி சார்.

சொல்லிவிட்டார். எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது. ஆனால் தேஜா உட்காரவில்லை என்று பிறகு இஸ்மத் டீச்சர் சொன்னார். போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

"சார், நீங்க வரைஞ்சிருக்கறது பக்க இணைப்பு இல்லீங்க, தொடர் இணைப்புங்க. ஒரே கம்பிதானுங்க போகுது. நாஞ்சொன்னது சரிங்க. நீங்கதானுங்க தப்பு."

அரங்கசாமி சார் திரும்பிப் படத்தைப் பார்த்தார். கம்பியின் மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஆமாம் அம்மணி, நான்தான் தப்பு என்றார். உடனே பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்து, கோயில் நோம்பித் திருவிழாவுக்குப் போடுகிற சீரியல் லைட்டில் ஒன்று போனால் வரிசையே அணைவது இதனால்தானா என்று கேட்டான். அப்படியென்றால் வரிசை முழுக்க அணையாமல் பாதி மட்டும் அணைகிறதே ஏன் என்று இன்னொருத்தி கேட்டாள். பெல் அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை. என் பாடவேளையில் பாதியை அவர்கள் தின்றுவிட்டார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

மனோஜ்குமார் சாயங்காலம் அந்தப் படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இதை அழித்துவிட்டு நாளைக்கு வேறு எடுத்துவிடலாம் என்றார். நாளும் மிச்சம் இருந்தது. வெட்டக் கூடாது என்றுதான் விதி, வேறு எடுக்கக் கூடாது என்று இல்லை. படம் வரையத் தெரியாத அறிவியல் ஆசிரியருக்கு யார் உயர்நிலைச் சான்றிதழ் கொடுப்பார்கள், பள்ளியின் பெயரும் கெடும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நானும் இஸ்மத் டீச்சரும்கூடத் தலையாட்டிவிட்டோம். பிள்ளைகளிடம் சொன்னால் நாளைக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றும் தம்பி சேர்த்துச் சொன்னார்.

அரங்கசாமி சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வழக்கமாக இந்த இடத்தில் 'சரிங்க தம்பி' வரும்.

"அது தப்புங்க தம்பி" என்றார்.

மனோஜ்குமார் நிமிர்ந்து பார்த்தார். சார் நிறுத்தவில்லை.

"இத்தன வருசத்துல மொதத்தடவையா ஒரு கொழந்த எழுந்து நின்னு, நீங்க தப்புன்னு எங்கிட்டச் சொல்லியிருக்குதுங்க. அத அழிச்சுப்போட்டு நான் வேறென்னத்தங்க அனுப்பறது?"

படிக்கிற காலத்தில் மனோஜ்குமாரும் இதே சாரிடம் எத்தனையோ 'ரொம்ப நல்லாச் சொன்னீங்க' வாங்கியவர்தான். போனை எடுத்துச் சாரிடமே நீட்டினார். சார் அங்கேயே நின்று அனுப்பினார்.

கோடை விடுமுறைக்கு முன்பே சான்றிதழ் வந்துவிட்டது. ஜூனில் அந்தப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு அறிவியல் அவர்தான். முதல் நாளே தேஜாவிடம் இரண்டு தடவை 'தப்பு' என்றிருக்கிறார். ஒன்றை அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள், இன்னொன்றுக்கு இன்னும் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.